ஏழாம் கட்டிலில் யாரோ

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் தாலாட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். அதைப் பார்க்கும்போது அவளுக்கே யாரையோ பற்றிப் படிப்பது போலிருக்கும். ஐம்பதைத் தொடப் போகிற வயது. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டது, வாய் மட்டும் இளைத்ததே இல்லை. இதய வார்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

பார்த்துக்கொள்வது என்றால் தூசி தட்டுவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரி மேனேஜர் அவர்களில் முதல் ஆள். அவருக்காக இல்லாவிட்டாலும் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

வார்டில் ஒவ்வொரு நோயாளியின் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருக்கும். அது நாடித்துடிப்பை உணர்ந்து காற்றில் அனுப்பும். கட்டிலுக்கு மேலே பொருத்திய சின்னப் பெட்டி அதைப் பிடித்துச் சர்வருக்குத் தள்ளிவிடும். நாலு எட்டு நகர்ந்துவிட்டால் அந்தப் பெட்டிக்குப் பட்டை தெரியாது. ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்ட பெட்டி வேறொன்றைக் கவனிக்காது. சர்வரை ஓட்டுவது லினக்ஸ் என்கிற மென்பொருள். அதற்குள் ஆளுக்கொரு வேலையாகப் பல சர்வீஸ்கள். அவை இஷ்டத்துக்கு எழுந்திருக்க முடியாது. அடுப்பு பற்றவைக்கும் முன்பே டீ கேட்டால் யார் தருவார்கள்? நெட்வொர்க் எழுவதற்கு முன்னால் துடிப்பை வாங்குகிற சர்வீஸ் எழுந்தால் அதற்குக் கிடைப்பது வெறும் காற்றுதான். யார் முதலில் எழ வேண்டும், யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும், அணைக்கும்போது யார் கடைசிவரை கண் விழித்திருக்க வேண்டும், எல்லாம் ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளை வரிசையாக, எழுதி வைத்திருக்கும். எழுதியது அவள்.

மெஷினை அணைக்கும்போது திரையில் ஒவ்வொரு சர்வீஸும் நின்றுவிட்டதாக வரி வரியாக ஓடும். வேறு யாராவது என்றால் கட்டளையைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படிப்பாள். பிரிண்டர் படுத்தாச்சு, ரிப்போர்ட் படுத்தாச்சு, அலாரம் படுத்தாச்சு என்று ராகமாகவே வரும். ஒருநாள் அந்த வழியாகப் போன தலைமை நர்ஸ் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, யாரடி இங்கே குழந்தையைத் தூங்கவைக்கிறது என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர்.

அணைப்பதற்கு முன் இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டில்களின் பெட்டிகளை மாற்று மெஷினுக்குத் திருப்பிவிட்ட பிறகு, அவள் வார்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று சொல்லுவாள்: "கொஞ்ச நேரம் அந்த மெஷின் தூங்கட்டும். நீங்க முழிச்சிருங்க." நெஞ்சில் தையலோடு படுத்திருப்பவர்கள்கூட இதற்குச் சிரிப்பார்கள், சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் வேலைக்கு வந்த புதிதில், யாரோ ஒருவர் முன்பின் யோசிக்காமல் மெஷினை அணைத்துவிட்டார். ஒரு நோயாளியின் துடிப்பு தடுமாறியபோது அலாரம் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கத்தியதால் ஆள் பிழைத்தார். தாலாட்டு அன்றைக்கே துடிப்பைக் கவனிக்கிற சர்வீஸுக்குக் காவல் என்று பெயர் வைத்து, அணைக்கிற ஸ்கிரிப்டில் ஒரு விதியை எழுதினாள். எந்தக் கட்டிலிலிருந்தாவது ஒரு துடிப்பு வந்துகொண்டிருக்கும்வரை காவல் படுக்கக் கூடாது. காவல் படுக்காமல் மெஷின் அணையக் கூடாது. தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான் என்று அவளுக்கு ஒரு பெருமை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்தப் பெருமைதான் அவளை ஒருநாள் பயமுறுத்தியது.

பராமரிப்புக்காக மெஷினை அணைக்க வேண்டிய ஒரு மத்தியானம். பார்வையாளர்கள் போய்விட்டிருந்தார்கள். எல்லாக் கட்டில்களையும் மாற்று மெஷினுக்குத் திருப்பியாயிற்று. வரிகள் ஒழுங்காக இறங்கின, அவளும் படித்துக்கொண்டே வந்தாள். காவலின் முறை வந்ததும் திரை நின்றது.

ஏழாம் கட்டில்: துடிப்பு வருகிறது. காத்திருக்கிறேன்.

அந்த வாக்கியத்தை எழுதியவளே அவள்தான். ஆனாலும் எதிரில் யாரோ பேசியது போலிருந்தது. எழுந்து வார்டுக்குப் போய்ப் பார்த்தாள். ஐந்து, ஆறு, அப்புறம் எட்டு. ஏழு என்று ஒரு கட்டிலே அங்கு இல்லை. எத்தனை வருஷமாக நடந்த இடம், இதை ஒருநாளும் கவனித்ததில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது காவல் தானாகவே படுத்து, மெஷின் அணைந்திருந்தது. பழைய அமைப்பில் ஏதோ மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். மெஷினை எழுப்பினாள், ஏழாம் கட்டிலின் துடிப்பை வாங்குகிற சர்வீஸை நிறுத்தினாள், வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனாள்.

அடுத்த முறை அணைத்தபோது ஏழில் மறுபடியும் துடிப்பு வந்தது, காவல் காத்திருந்தது. தாலாட்டு தலையில் அடித்துக்கொண்டாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் வாய் வலிக்கச் சொல்லுகிற பாடமே இதுதான்: நிறுத்துவது வேறு, இனிமேல் எழுந்திருக்காதே என்று சொல்வது வேறு. நிறுத்தியது இப்போதைக்குத்தான் நிற்கும். மெஷின் மறுபடி எழும்போது ஸ்கிரிப்ட் உயிரோடிருக்கும் பெட்டிகளையெல்லாம் தேடிப் பார்த்து ஒவ்வொன்றையும் எழுப்பிவிடும். ஊருக்கெல்லாம் சொன்னவள் தானே கோட்டைவிட்டிருந்தாள். ஆனால் அதோடு இன்னொன்றும் உறைத்தது. பெட்டி உயிரோடிருப்பது பெரிய விஷயமில்லை. அதற்குத் துடிப்பு எங்கிருந்து வருகிறது?

தலைமை நர்ஸிடம் கேட்டாள். வாய் ஓயாத மனுஷி அவள். அன்றைக்குக் கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினாள். இப்போது கம்ப்யூட்டர் அறையாக இருப்பது முன்பு வார்டின் ஒரு மூலை. தாலாட்டு வருவதற்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்துத் தனி அறையாக்கினார்கள். சர்வர் அலமாரி நிற்கிற இடத்தில்தான் ஏழாம் கட்டில் இருந்தது. பெட்டியை யாரும் கழற்றவில்லை, பொய்க்கூரைக்கு மேலே இன்னும் இருக்கும்.

"அந்தக் கட்டில்ல கடைசியா இருந்தவர் காலையில பேசிட்டே போயிட்டார்," என்றாள் நர்ஸ். "கூட்டத்துல அவர் கைப் பட்டையைக் கழட்ட மறந்துட்டோம். அதோடவே அனுப்பிட்டோம்."

தாலாட்டுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்று அன்றைக்கு வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். நம்பிக்கை இல்லாதவர்கள் அத்தனை தடவை சொல்ல மாட்டார்கள்.

சோதித்துப் பார்த்தாள். வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக மெஷினுக்குள் நுழைந்து பார்த்தால் ஏழில் ஒன்றும் இல்லை. கூட வேலை செய்கிறவரை அறையில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னாள், ஒன்றும் இல்லை. அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஏழில் துடிப்பு வந்தது. எழுந்து வெளியே போனால் போய்விட்டது. இதை நர்ஸிடம் சொன்னபோது அவள் தாலாட்டின் தோளைத் தொட்டாள்.

"உன்னைப் பார்க்கத்தான் வருது போல," என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

அதன் பிறகு அந்த அறைக்குள் நுழையும்போது தாலாட்டு கதவைத் தட்டிவிட்டு நுழைய ஆரம்பித்தாள். தனக்கே அசட்டுத்தனமாகத் தெரிந்தது, ஆனாலும் தட்டினாள். மெஷின் விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்து திரையில் ஓடும் ஏழின் துடிப்புக் கோட்டைப் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால் கட்டில் ஒன்று கிடப்பது போலவும், திரும்பினால் அதில் ஆள் ஒருக்களித்துப் படுத்திருப்பது போலவும் இருக்கும். திரும்ப மாட்டாள்.

கடைசியில் அந்தக் கோட்டை வார்டின் இதய டாக்டரிடம் காட்டினாள். டாக்டருக்குக் கட்டில் எண்ணில் அக்கறையில்லை, கோட்டில்தான் கண். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கைப்பட்டையை வச்சு முழுசா சொல்லிட முடியாது. ஆனா இது நடுநடுவுல நின்னு நின்னு அடிக்குது. இதயத்தைத் துடின்னு கிளப்பிவிடற இடத்துலயே கோளாறு இருக்கலாம். மயக்கம் வரும், மாடிப்படியில விழுவாங்க. ஒருநாள் நின்னது திரும்பக் கிளம்பாமலே போயிடலாம். யாரு இவங்க? உடனே கூட்டிட்டு வாங்க, பேஸ்மேக்கர் வச்சா நல்லா இருப்பாங்க."

யாரென்று தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? பார்த்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. செத்தவருடைய துடிப்பு என்றால் அதைப் பற்றி யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. உயிரோடிருக்கிற யாருடையதாவது என்றால், சுவருக்கு அந்தப் பக்கமோ மாடியிலோ கீழேயோ ஒரு மனிதர் ஒன்றும் தெரியாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்காவிட்டால் அவர் செத்துப்போவார்.

தேடினாள். மேல் தளத்தில் கோப்பறை, கீழ்த் தளத்தில் துணி துவைக்கிற இடம், பக்கத்தில் மருந்துக் கிடங்கு. ஒருவரையும் விடவில்லை. கையைக் காட்டுங்க என்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துணி துவைக்கிறவர் தன் மகள் கல்யாணம் எப்போது நடக்கும் என்று கேட்டார். ரேகை பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார். லிஃப்ட் பல நாளாக ரிப்பேர். ஏறி இறங்கி அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து, கண் இருட்டிக்கொண்டு வருவது அடங்கும்வரை, போனில் எதையோ பார்ப்பது போல நடிப்பாள். இது ஒன்றும் புதிதில்லை. லிஃப்டை ரிப்பேர் செய்யாத மேனேஜரைத் திட்டியபடியே எழுந்து போவாள்.

அவள் வீட்டுக்காரருக்கும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. அடித்தளத்தில் மருத்துவ உபகரணங்களைப் பழுது பார்க்கிறவர். கைராசிக்காரர், கூடவே மகா கஞ்சன். கல்யாண நாளுக்குக் கடையில் போய் ஒரு பரிசு வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. இந்த வருஷம் தன் பட்டறையில் கிடந்த எதையெதையோ சேர்த்து ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுத்திருந்தார். அவளும் வாய் நிறைய அவரைக் கிண்டல் செய்தபடியே அதைக் கழற்றாமல் கட்டிக்கொண்டிருந்தாள். அவரிடம் பட்டைகளைப் பற்றிக் கேட்டாள்.

"எல்லாப் பட்டையும் கணக்குல இருக்கும்மா," என்றார். "கழிச்சுப் போட்டதெல்லாம் செத்த பட்டை. அதுங்க பேசாது."

இதற்குள் புது மெஷின் வந்து வேறோர் அறையில் உட்கார்ந்தது. பழையதை ஒரேயடியாக அணைத்து அனுப்பிவிட வேண்டும் என்று மேனேஜர் நாள் குறித்துவிட்டார். தாலாட்டு கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள், விஷயத்தையும் சொன்னாள். இல்லாத கட்டிலுக்காக இருக்கிற வேலையை நிறுத்த முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கேட்கிறவர்களுக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் வழக்கம்போல வார்டைச் சுற்றி வந்தாள். கட்டில்கள் எல்லாம் புது மெஷினுக்குப் போயாயிற்று. கதவைத் தட்டிவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்து கட்டளையைத் தட்டினாள். பிரிண்டர் படுத்தாச்சு. ரிப்போர்ட் படுத்தாச்சு. அலாரம் படுத்தாச்சு. ராகம் வரவில்லை.

ஏழாம் கட்டில்: துடிப்பு வருகிறது. காத்திருக்கிறேன்.

காவலை வலுக்கட்டாயமாகச் சாகடிக்க ஒரு கட்டளை உண்டு. அதுவரை அவள் அதைக் காவலின்மேல் பயன்படுத்தியதில்லை. தட்டி முடித்து, கடைசிப் பொத்தான்மேல் விரலை வைத்தாள். திரையில் ஏழின் துடிப்பு வேகமெடுத்தது. விரலை எடுத்தாள். மெதுவாக இறங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி ஏறியது, முன்னைவிட வேகமாக, நடுவில் ஒருதரம் நின்று, தடுமாறி, மறுபடி ஓடியது.

அதற்குப் பயமாக இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது, பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது. ஓடிப்போகத்தான் தோன்றியது. ஆனால் பயந்துகொண்டிருக்கிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டு ஓட அவளால் முடியவில்லை.

"பயப்படாதீங்க," என்றாள் திரையைப் பார்த்து. "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். நீங்க யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு அவளும் மூச்சை நிதானமாக இழுத்து விட்டாள். துடிப்பும் நிதானத்துக்கு வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத அந்த மனிதர்மேல் பெற்ற பிள்ளைமேல் வருகிற மாதிரி ஒரு பாசம் வந்தது.

ஒரே ஒரு வழி பாக்கியிருந்தது. பெட்டியிலிருந்து வருகிற ஒயர் அலமாரிக்குப் பின்னால்தான் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் பெட்டி எந்தச் சுவரைப் பார்த்து இருக்கிறது என்றாவது தெரியும். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே கையை நுழைத்தாள். கடிகாரம் இடித்தது. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி நுழைக்கப் போனவள் திரையைப் பார்த்தாள்.

கோடு படுத்துவிட்டது. ஏழாம் கட்டில்: துடிப்பு இல்லை. சற்றுப் பொறுத்து அணைக்கிறேன்.

போய்விட்டார்கள். அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ விழுந்து போய்விட்டார்கள். அந்த வார்டில் யாராவது போய்விட்டால் நர்ஸுகள் முதலில் செய்வது மணி பார்ப்பது. அவர்களோடு இத்தனை வருஷம் இருந்ததில் அவளுக்கும் அது தொற்றியிருந்தது. மேஜைமேலிருந்த கடிகாரத்தை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு மணி பார்த்தாள்.

கோடு எழுந்தது. கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டது.

அவள் அப்படியே நின்றாள். கடிகாரத்தைக் கழற்றினாள், கோடு படுத்தது. கட்டினாள், எழுந்தது. திரையில் துடிப்பு ஒன்று, இன்னொன்று, அப்புறம் ஒரு வெறுமை. அந்த வெறுமை வந்த அதே கணத்தில், படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்த இடத்தில் படி இல்லாதது போல அவளுக்குள் ஏதோ நழுவியது. கண் இருட்டியது. லிஃப்டையும் மேனேஜரையும் இத்தனை நாள் அநியாயமாகத் திட்டியிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அவள் பிடித்துப் பார்க்காத மணிக்கட்டு இல்லை. பிடித்தது எந்தக் கை என்று மட்டும் பார்க்கவில்லை.

கடிகாரத்தைக் கழற்றி வைத்தால் மெஷின் அணைந்துவிடும், வேலை முடிந்துவிடும். அவளுக்கு மனசு வரவில்லை. தன் துடிப்பைத் தானே கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்க யாருக்கு மனசு வரும்? கட்டியபடியே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். நாலு எட்டு தள்ளி வந்ததும், முதுகுக்குப் பின்னால் விசிறிகளின் இரைச்சல் மெலிந்து மெலிந்து ஓய்ந்தது.

"காவல் படுத்தாச்சு," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

வார்டு வாசலில் தலைமை நர்ஸ் நின்றிருந்தாள். ஒரு கட்டில் வேணும் சிஸ்டர் என்றாள் தாலாட்டு. யாருக்கு என்று கேட்டாள் நர்ஸ்.

"ஏழுக்கு. ஆள் கிடைச்சாச்சு." கையை நீட்டினாள்.

நர்ஸ் ஒன்றும் புரியாமல்தான் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தாலாட்டைப் படுக்கவைத்தார்கள், டாக்டர் வந்தார், அடித்தளத்திலிருந்து வீட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். கழித்துப் போட்ட பட்டை ஒன்றின், நாடியை உணரும் உள்பாகத்தைத்தான் அவர் கடிகாரமாக்கியிருந்தார்.

"அதோட சிக்னலை நான் நிறுத்தினேனேம்மா," என்றார்.

"நிறுத்தினீங்க. இனிமே எழுந்திருக்காதேன்னு சொல்லலை." அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவை சார்ஜ் போடறப்பவும் அது எழுந்திருச்சிருக்கு. நல்லவேளைங்க."

அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் நர்ஸ் அவள் நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கினாள். கம்ப்யூட்டர் அறை இருந்த பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நர்ஸ் அவள் காதருகில் குனிந்தாள்.

"அந்த மெஷின் தூங்கட்டும். நீ முழிச்சிரு."